கதவு போட்ட நாலு கோல்

எட்டுக் கல்லூரிகள், ஐம்பத்தாறு கால்பந்து ஆட்டங்கள். அத்தனைக்கும் மைதானத்து ஓரத்தில் மடக்கு மேசையைப் போட்டு, குடையை நாற்காலிக் கையில் கட்டிக்கொண்டு, எவன் எந்த நிமிடத்தில் என்ன செய்தான் என்று எழுதியவள் நான். சீசன் முடிந்ததும் சிறந்த பதினோரு பேரையும், அவர்களில் ஒருவனைச் சீசனின் சிறந்த வீரனாகவும் பொறுக்கி எடுக்க மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு ஒன்று இருக்கிறது. அந்த ஐம்பத்தாறில் அவர்கள் மூவரும் சேர்ந்து எத்தனை ஆட்டம் பார்த்தார்கள் என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். பந்து உருண்டை என்பதுவரை அவருக்குத் தெரியும். அதற்கு மேல் சட்டையை ஒழுங்காக உள்ளே செருகியிருக்கிறானா என்று பார்ப்பார். இரண்டாமவர் முன்னாள் ஆட்டக்காரர். முழங்கால் மட்டும் போகாமல் இருந்திருந்தால் தேசிய அணியில் ஆடியிருப்பேன் என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிவருவதால் எல்லோரும் அவரை முழங்கால் என்றே சொல்வோம். ஆரம்பத்தில் வலது முழங்கால் என்றார். இப்போது சில வருடமாக இடதைத் தடவிக்கொள்கிறார். மூன்றாமவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் பந்துக்கடைக்காரர். போட்டியை நடத்தும் எங்கள் சங்கத்துக்குப் பந்து விற்பவரும் அவர்தான், விற்ற பந்து நல்ல பந்து என்று கையெழுத்துப் போடுபவரும் அவர்தான்.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் மூவரும் வந்தார்கள். அதுவும் சோபா போட்டிருந்ததால். தலைவர் இருபதாவது நிமிடத்தில் கண்ணயர்ந்து, கோல் விழுந்த சத்தத்தில் எழுந்து, தோற்றுக்கொண்டிருந்த அணியைப் பார்த்துப் பலமாகக் கை தட்டினார். பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதையெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வருடா வருடம் அப்படித்தான் போனேன். இந்த வருடம் முடியவில்லை. காரணம் கதவு.

கதவு என் தங்கை மகன். தற்காப்பில் ஆடுபவன், சட்டையில் நாலாம் நம்பர். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் மைதானத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. நான் பெரியம்மா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவன் கல்லூரியில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டேன்: "இங்க பாரு, கிரவுண்டுல நான் மேடம், நீ நாலாம் நம்பர். பெரியம்மான்னு வாயத் தொறந்த, அப்பவே பல்லு கழண்டுரும்." எனக்கு என் பெயர் பெரிது. சொந்தக்காரனுக்காக ஒரு கோடு கூடக் குறைய எழுதினாள் என்று ஒருவன் சொல்லக்கூடாது. மூன்று வருடமும் அவன் ஒரு தடவைகூட வாய் தவறவில்லை.

இது அவனுக்குக் கடைசி வருடம். சீசனின் சிறந்த வீரனாக வருகிறவனுக்குத் துறைமுக அணியில் இடம் உண்டு. இடம் என்றால் பந்து உதைப்பது மட்டுமில்லை. துறைமுக அலுவலகத்தில் நிரந்தர வேலை, குடியிருக்க இரண்டு அறை வீடு. வருடத்துக்கு ஒருவனுக்குத்தான். என் தங்கை சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். பத்தொன்பது வருடமாக நின்ற காலில் நின்று போடுகிறாள். இரண்டு மணிக்கட்டும் வீங்கி, இப்போது காலையில் தண்ணீர்க் குவளையைக்கூட இரண்டு கையால்தான் தூக்குகிறாள். புருஷன்காரன் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன.

"அக்கா, நீ அந்தக் குழுவுலதான இருக்க, ஒரு வார்த்தை போட்டு வையேன்," என்று சீசன் தொடங்கியபோதே கேட்டாள்.

"நான் குழுவுல இல்லடி, எழுதுறவ. வார்த்தை போடுறதுக்கெல்லாம் நான் ஆளில்ல. அவன் ஆட்டம் பேசட்டும்."

எவ்வளவு அழகாகச் சொன்னேன் பாருங்கள், அவன் ஆட்டம் பேசட்டுமாம். அது எப்படிப் பேசும்? என் தாளில் கோல் அடித்தவனுக்கு ஒரு பத்தி உண்டு, மஞ்சள் அட்டை வாங்கியவனுக்கு ஒன்று, உள்ளே போனவன் வெளியே வந்தவனுக்கு ஒன்று. விழவிருந்த கோலை விழாமல் தடுத்தவனுக்குப் பத்தி கிடையாது. விழாத கோலை எங்கே எழுதுவது?

போதாததற்கு அவன் அணியின் கோல்கீப்பருக்குப் பந்து என்றாலே பயம். பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் கதவு பாதி நேரம் கோல் கோட்டிலேயே நிற்க வேண்டியிருந்தது. காலால், மார்பால், ஒரு தடவை காதால்கூடத் தடுத்தான். இப்படி நூறு பந்தைத் தடுக்கிறவன் உடம்பில் பட்டு நாலு பந்து உள்ளே போகத்தானே செய்யும்? போனது. சரியாக நாலு. நாலும் சேம் சைடு கோல், தன் அணிக்கே தான் போட்டது. அதற்கு மட்டும் என் தாளில் வஞ்சனையில்லாமல் இடம் இருந்தது. கட்டம் சின்னது என்பதால் சேம் சைடு என்று முழுவதும் எழுதாமல் 'சே' என்று மட்டும் போடுவேன். அப்படி ஒரு கோல் விழும்போது எனக்கு வாயில் வருவதும் அதுதான்.

சரி, தேர்வுக்கு வருவோம். இந்த வருடம் குழு விஞ்ஞானப் பூர்வமாகத் தேர்ந்தெடுக்கும் என்று தலைவர் அறிவித்தார். மதிப்பெண் முறையாம். முன்வரிசைக்காரன் கோல் போட்டால் ஐந்து. தற்காப்புக்காரன் போட்டால் பத்து, ஏனென்றால் அவன் தூரத்திலிருந்து ஓடி வருகிறான். ஒழுக்கத்துக்கு மூன்று. அட்டை வாங்கினால் கழிவு. இதை உருவாக்க மூன்று கூட்டமும் ஆறு பாக்கெட் பிஸ்கட்டும் ஆயின.

தாள்களையெல்லாம் கட்டி ஒப்படைத்த மறுநாள் எனக்குக் காய்ச்சல். நாலு நாள் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் சங்கத்து அறைக்குப் போனால் மூவரும் கல்யாணத்தை முடித்த வீட்டுக்காரர்கள் மாதிரி களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். மேசை முழுக்க என் தாள்கள். கால்குலேட்டர் மேல் பிஸ்கட் தூள்.

"வாம்மா, உடம்பு எப்படி இருக்கு? நீ இல்லாமலே முடிச்சிட்டோம் பாத்தியா!" என்றார் தலைவர். "எல்லாத்தையும் என் கையால கூட்டினேன்."

பட்டியலை நீட்டினார். பதினோரு பேர். அதில் ஒருவன் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் முறிந்து கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தவன். அதற்குப் பிறகு ஆடாததால் ஒரு அட்டையும் வாங்கவில்லை, ஒழுக்கத்துக்கு முழு மதிப்பெண்! கோல்கீப்பர் இடத்தில் பந்தைக் கண்டு முகத்தைத் திருப்பும் அதே மகராசன். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு மேலே பார்த்தேன். சீசனின் சிறந்த வீரர் என்ற இடத்தில் கதவின் கல்லூரி, நாலாம் நம்பர் என்று இருந்தது. பக்கத்தில் நாற்பத்து மூன்று மதிப்பெண்.

பட்டியலை வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு தடவை படித்தேன்.

"சார், இவன் பேக்ல ஆடுறவனாச்சே..."

"அதுதாம்மா அதிசயமே! பேக்ல நின்னுகிட்டு நாலு கோல் போட்டிருக்கான். நாலு பத்து நாப்பது. ஒழுக்கம் மூணு. இந்த மாதிரி ஒருத்தன நம்ம சரித்திரத்துலயே பாத்ததில்ல."

"நாலு கோலா?"

"ஏம்மா, நீதான எழுதியிருக்க? நாலுக்கும் பக்கத்துல அழகா 'சே' போட்டிருக்கியே. முப்பது வருஷம் மார்க் ஷீட் பாத்தவன் நான். ரெண்டு மூணு மார்க்குல பெயிலாப் போறவனுக்குச் சேத்துக் குடுக்கணும்னா ஓரத்துல 'சே'ன்னு குறிப்போம். சேர்க்கவும். எங்க பழைய முறைய நீ இன்னும் விடாம வச்சிருக்க பாரு, மனசுக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு."

தலையில் அடித்துக்கொள்வதா, அவர் காலில் விழுவதா என்று தெரியவில்லை. சேர்க்கவும்! மனுஷன் சேம் சைடு கோலுக்குக் கருணை மதிப்பெண் போட்டிருக்கிறார். எதிர் அணியின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். பக்கத்தில் பிஸ்கட் தட்டு இருந்தது.

"நான் பாத்தேன் மேடம்," என்று முழங்கால் முன்னால் சாய்ந்தார். "மூணாவது கோல். மழை பெஞ்சுதே, அன்னைக்கு. முப்பது கஜத்துல இருந்து இடது காலால வச்சான் பாருங்க ஒண்ணு! நான் ஆடுற காலத்துல அப்படித்தான் அடிப்பேன். இந்த முழங்கால் மட்டும்..."

மழை பெய்த அன்று கோல்கீப்பர் வழுக்கி விழுந்தான். கதவு கோல் வாயில் நீட்டிப் படுத்தான். பந்து அவன் தொடையில் பட்டு உள்ளே உருண்டது. சேற்றிலிருந்து எழுந்து அவன் நின்ற நிலையை நான் பார்த்தேன். முழங்கால் அன்று ஊரிலேயே இல்லை.

இப்படி அண்டப்புளுகு புளுகுகிறாரே என்று வாயைத் திறந்தேன். பந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"எனக்கென்னமோ இதுல திருப்தி இல்ல சார். நம்ம பவுடர் தம்பி ஏழு கோல் போட்டிருக்கான். ஏழஞ்சு முப்பத்தஞ்சு, ஒழுக்கம் மூணு, முப்பத்தெட்டு. அஞ்சே மார்க்குதான் வித்தியாசம். ஜனங்க அவனத்தான் கேப்பாங்க."

பவுடர் என்பது அவருடைய சகலை மகன். ஆட்டத்துக்கு முன்னால் முகத்துக்குப் பூசிக்கொண்டு இறங்குவான். ஏழில் ஐந்து பெனால்டி. அப்பாவுக்கு இரண்டு பெட்ரோல் பங்க். துறைமுகத்து நிரந்தர வேலையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான், மூக்கைச் சிந்துவானா?

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சரிம்மா, நீ சொல்லு. எல்லா மேட்சும் பாத்தது நீ ஒருத்திதான். இந்த நாலாம் நம்பர் பையன் எப்படி?"

இருபத்து மூன்று வருடத்தில் அந்த அறையில் என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சார், அந்த நாலும் சேம் சைடு, அதைத் தள்ளுங்கள், ஆனால் அவன் தடுத்ததைக் கணக்கெடுத்தால் இந்தப் பட்டியலில் அவன் பக்கத்தில் நிற்க ஆளில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆமாம், என் தங்கை மகன்தான், அதையும் சேர்த்தே கேட்டுக்கொண்டு முடிவு பண்ணுங்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும். சொன்னால் என் பெயர் கெடும், வேலை பவுடருக்குப் போகும். சொல்லாவிட்டால் தகுதியானவனுக்கே கிடைக்கிறது. தப்பான வழியில் சரியான இடத்துக்குத்தானே போகிறது, போகட்டுமே என்று ஒரு நொடியில் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"ஷீட்ல இருக்கறதுதான் சார்," என்றேன்.

"அவ்வளவுதான். ஷீட்டே சொல்லுது!" என்று தலைவர் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, நடுவில் துணியால் தடுப்பு. விஷயத்தைச் சொன்னதும் அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுதாள். பிறகு அந்த வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் இருக்கும், சன்னல் இருக்குமா என்று கேட்க ஆரம்பித்தாள். சமையலறை எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரிய சன்னல் என்று அடித்துவிட்டேன்.

கதவு மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் நின்று காலணிக் கயிற்றை அவிழ்த்தபடியே என்னைப் பார்த்தான்.

"எப்படி பெரியம்மா? நான் ஒரு கோல்கூட போடலயே. போட்டதெல்லாம் சேம் சைடு."

"அதனால என்ன? உன் ஆட்டத்தப் பாத்துதான் குடுத்தாங்க."

"எந்த ஆட்டத்த?"

"நீ தடுத்தத."

அவன் கை கயிற்றிலேயே நின்றது. "அத பாத்தாங்களா?"

"பாக்காம? கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டு இல்ல பாத்திருக்காங்க!"

முகம் மலர்ந்தது பாருங்கள். வேலை கிடைத்தது என்று சொன்னபோது இல்லாத மலர்ச்சி. "நான் யாருமே கவனிக்கலன்னு நெனச்சேன் பெரியம்மா," என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு முகம் கழுவப் போனான். எனக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சந்தோஷம்தான் என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசளிப்பு விழா. எட்டுக் கல்லூரி ஆட்டக்காரர்களும் வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் 'சிறந்த பதினெருவர்' என்று ஒரு துணைக்காலை விழுங்கிவிட்டு எழுதிய பெரிய பதாகை. முன்வரிசையில் துறைமுக அணியின் மேலாளர். மடியில் ஒரு நீள உறை. அதற்குள் வேலை உத்தரவு, பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தார். என் தங்கை மூன்றாவது வரிசையில், தானே இஸ்திரி போட்ட உடுப்பில், மடிப்புக் கலையக்கூடாது என்று சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் மேடை ஓரத்தில் சான்றிதழ்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பெயரை வாசித்து உறையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஐந்து நிமிட வேலை என்று நினைத்திருந்தேன். தலைவர் பாராட்டுரை எழுதிக்கொண்டு வருவார் என்று நான் கண்டேனா?

கதவை மேடைக்கு அழைத்தார்கள். தலைவர் மூன்று பக்கத் தாளைப் பிரித்தார்.

"தற்காப்பு வீரராக நின்றபோதும், தன் எல்லையைத் தாண்டிப் பாய்ந்து, இந்தப் பருவத்தில் நான்கு அற்புதமான கோல்களைப் போட்ட..."

முதலில் பின்வரிசையில் ஒருவன் களுக்கென்றான். அப்புறம் வரிசை வரிசையாக வந்தது. அந்த நாலு கோலும் எப்படி விழுந்தது என்று எட்டு அணிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் மூன்று அணிகளுக்கு அந்தக் கோலால்தான் வெற்றியே. "எங்களுக்கு ரெண்டு போட்டான் சார்!" என்று ஒருவன் எழுந்து கத்தினான். "நன்றி சொல்லுங்க சார்!" என்றான் இன்னொருவன். கூடம் அதிர்ந்தது. தலைவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி இன்னும் சத்தமாக வாசித்தார். "குறிப்பாக மழையில் முப்பது கஜ தூரத்திலிருந்து..."

நாற்காலிகளைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். என் தங்கை ஒன்றும் புரியாமல், எல்லோரும் மகனுக்காகத்தான் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து அவளும் கை தட்டினாள். அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

கதவு திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மைக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

"சார், மன்னிக்கணும். அந்த நாலும் சேம் சைடு. எங்க கோல்லயே போட்டது. எனக்கு இது வேண்டாம்."

கூடம் அடங்கியது. தலைவர் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "அப்போ 'சே'ன்னா...?" என்றார் மைக்கிலேயே. பந்துக்கடைக்காரர் அதற்குள் கால்குலேட்டரை எடுத்துவிட்டார். சேம் சைடுக்கு ஐந்து கழிவாம், விதியில் இருக்கிறதாம். நாலைந்து இருபது, ஒழுக்கம் மூன்று, மைனஸ் பதினேழு என்று மேடையிலேயே கணக்குச் சொன்னார். "முப்பது கஜம்" பார்த்த முழங்கால், குனிந்து தன் முழங்காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுக மேலாளர் எழுந்தார். நல்ல மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"தம்பி, கைக்கு வந்தத வேண்டாம்னு சொல்ல ஒரு தைரியம் வேணும். எங்களுக்குத் தற்காப்பு ஆளும் தேவைதான். இந்தத் தம்பி ஆட்டத்த முழுசா பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? அவங்க சொன்னா குழு மறுபடி யோசிக்கலாமே."

இனியும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. சான்றிதழ்களை அப்படியே போட்டுவிட்டு முன்னால் வந்தேன்.

"நான் பாத்தேன் சார். பதினாலு மேட்சும். கீப்பர் பந்தப் பாத்து முகத்த திருப்பிக்குவான், இந்தப் பையன்தான் கோட்டுல நின்னு தடுப்பான். ஒரே மேட்சுல மட்டும் ஒன்பது தடவ. மத்தவன் ஒதுங்குற எடத்துல இவன் காலக் குடுப்பான். அந்த நாலும் அப்படிப் பட்டுப் போனதுதான். இவன் இல்லன்னா நாப்பது போயிருக்கும். இந்த சீசன்ல இவன மாதிரி ஆடுனவன் எவனும் இல்ல."

மேலாளர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பின்வரிசைப் பிள்ளைகள்கூட "ஆமா, ஆமா" என்றார்கள். சிரித்த அதே வாய்கள்தான். எனக்கு உயிர் வந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார் பந்துக்கடைக்காரர், ரொம்ப மரியாதையாக. "இவ்வளவும் தெரிஞ்சவங்க, அன்னைக்கு சார் உங்களையே நேரா கேட்டப்ப, ஷீட்ல இருக்கறதுதான்னு ஏன் சொன்னீங்க? கோல் தப்புன்னு அன்னைக்கே தெரியும் இல்ல?"

வாயைத் திறந்தேன். கூடம் முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. "அது வந்து சார்..." என்று இழுத்தேன். அவர் விடவில்லை. "ஏன் மேடம்? என்ன காரணம்? சொல்லுங்க," என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டே போனார்.

கதவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மூன்று வருடம் வாய் தவறாத பிள்ளை.

"போதும் பெரியம்மா, விடுங்க," என்றான். மைக் அவன் முன்னாலேயே இருந்தது.

"பெரியம்மாவா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். அதற்குமேல் யாரும் ஒன்றும் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. பெரியம்மா எழுதிய தாள், மகனுக்கு நாலு கோல், பெரியம்மாவே சாட்சி. குட்டு வெளிப்பட்டது என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. தலைவர் என்னைப் பார்த்து, "நீயாம்மா இப்படி?" என்றார், நிஜமாகவே மனசு நொந்து. 'சே'யைச் சேர்த்தது அவர் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. மேலாளர் உட்கார்ந்து உறையை மடியில் வைத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் அந்தக் காலி இடத்தில் பவுடரின் பெயரை எழுதினார்கள். பவுடர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்து வாங்கிக்கொண்டான். முழங்கால் எழுந்து நின்று கை தட்டினார். கதவுக்கு நேர்மைக்கான சிறப்புச் சான்றிதழ் தருவதாகத் தலைவர் அறிவித்தார். அச்சடித்தது எதுவும் இல்லாததால், அந்த மூன்று பக்கப் பாராட்டுரையின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆட்டத்தைப் பார்க்காமல் ஆளைப் பொறுக்குகிறார்கள் என்று அந்த மூவரையும் சீசன் முழுக்கக் கிழி கிழி என்று கிழித்தவள் நான். அவர்களுக்குத் தெரியாது, அதனால் உளறினார்கள். எனக்குத் தெரியும். கேட்கவும் கேட்டார்கள். இதில் யார் கேடுகெட்ட ஆள் என்று சொல்ல மதிப்பெண் முறை ஒன்றும் வேண்டாம்.

வெளியே வந்து நானும் தங்கையும் கதவும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். தங்கை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அந்த வீட்டுச் சன்னலைப் பற்றியாவது என்னைக் கேட்டுத் திட்டியிருக்கலாம். கதவு சான்றிதழை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் வாயைத் திறந்தான்.

"என் ஆட்டத்த பாத்துட்டாங்கன்னு சொன்னீங்களே பெரியம்மா. இந்த ரெண்டு வாரமும் அத நெனச்சுக்கிட்டேதான் தூங்கினேன்."

"நான் பாத்தேன்டா. சத்தியமா பாத்தேன்."

"தெரியும். இன்னைக்கு நீங்க சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. அவரு அன்னைக்கு கேட்டப்பவே அதச் சொல்லியிருக்கலாமே?"

"சொந்தக்காரிங்கறதாலதான் சொல்றான்னு பேசுவாங்களேன்னு..."

"இன்னைக்கு என்ன பேசினாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். நிஜமாகவே பதிலை எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். பேருந்து வந்தது. படியில் ஏறக் கம்பியைப் பிடித்த தங்கைக்கு மணிக்கட்டு வலித்திருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டாள். அவன் அவளைத் தோளோடு அணைத்து ஏற்றிவிட்டு, தானும் ஏறி, எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றான். நான் அடுத்த பேருந்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.